மெஷினை உதைக்கிற மாடு என்ன சொல்கிறது?

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் கறவை மெஷின் வாங்கிவிட்டு, கொஞ்ச நாளில் சாக்குப் போட்டு மூடி மூலையில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "மாடு பழக மாட்டேங்குதுங்க, உதைக்குது" என்கிறார்கள். மாட்டின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வலியோ பயமோ இல்லாமல் மாடு சும்மா தொடர்ந்து உதைக்காது.

முதல் தப்பு அவசரம். மடியைத் தொட்டதும் பால் இறங்கிவிடாது. கைபட்ட பிறகு, பாலை இறக்குகிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்குப் போய்ச் சேர ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் காம்பில் மெஷினின் கப்பை மாட்டினால், மடியின் அடியில் தேங்கி நிற்கிற கொஞ்சப் பால் மட்டும் வந்து நின்றுவிடும். அப்புறம் வெறும் காம்பைத்தான் மெஷின் இழுக்கும். மாடு காலை மாற்றி மாற்றி வைப்பது அப்போதுதான்.

காம்பைக் கழுவி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பீச்சு கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாக விழுந்தால் மடிநோய். அந்த மாட்டைக் கடைசியில் தனியாகக் கறக்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இந்த வேலைக்குள்ளேயே பால் மடியில் இறங்கிவிடும். சுரப்பின் வேகம் ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும் என்பதால், துடைத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதும் ஆகாது. அதட்டலும் அடியும் வேண்டவே வேண்டாம். மாடு பயந்தால் அட்ரினலின் வந்து சுரப்பை அடைத்துவிடும்.

அடுத்தது மெஷின். பக்கெட் மெஷினில் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, 42 முதல் 50 கிலோபாஸ்கல் வரை, மீட்டரில் ஏறத்தாழ 315 முதல் 375 மில்லிமீட்டர் மெர்குரி இருந்தால் போதும். வேக்குவத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரில் தூசி அடைத்தால் வேக்குவம் தானாக ஏறிவிடலாம். கப்புக்குள் இருக்கிற ரப்பர் குழாய்தான் லைனர்; அதை இறுக்கி இறுக்கி விடுகிற பல்சேட்டர் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறதா என்று கட்டைவிரலை லைனருக்குள் விட்டு எண்ணிப் பார்க்கலாம். கப்பைக் கழற்றியதும் காம்பு நீலம் பாய்ந்தோ, நுனியில் வெள்ளை வளையம் கட்டியோ இருந்தால், வேக்குவம் அதிகம் அல்லது பால் நின்ற பிறகும் மெஷின் ஓடியிருக்கிறது. வேக்குவத்தை அடைத்த பிறகே கப்பை எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். லைனர் ரப்பருக்கு ஆயுள் சுமார் 2500 கறவை. பத்து மாட்டுக்கு இரண்டு வேளையும் ஒரே செட் என்றால் நாலு மாதம்தான் வரும். வெடிப்பு தெரியும்வரை காத்திருப்பவர்களே அதிகம்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று மின் கசிவு. ஈர சிமெண்ட் தரையில் வெறுங்குளம்போடு நிற்கிற மாட்டுக்கு, நமக்குத் தெரியாத ஓரிரு வோல்ட்டே உறைக்கும். கறக்கிற இடத்துக்கு வர மறுப்பது, தொட்டித் தண்ணீரை நக்கி நக்கி விடுவது எல்லாம் அதன் அடையாளம். மோட்டாருக்குத் தனி எர்த் போட்டு, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிற ஈஎல்சிபி மாட்டுங்கள்.

1992-இல் நெதர்லாந்தில் கறவை ரோபோ பண்ணைக்கு வந்தது. அங்கே மாட்டை யாரும் ஓட்டி வருவதில்லை. ரோபோ கறக்கிற பெட்டிக்குள் கிடைக்கிற அடர்தீவனத்துக்காக அதுவே வருகிறது. அங்கேயும் முரட்டு மாடு நகரும்வரை, முதல் கன்று போட்ட பயந்த தலையீத்து மாடு வாசலில் காத்துக் கிடக்கும். கால் நொண்டுகிற மாடு வரவே யோசிக்கும். அதனால் கறவைக்கு வராத மாட்டைத்தான் அங்கே முதலில் தேடிப் பார்க்கிறார்கள். நம் கொட்டத்தில் கட்டிப் போட்ட மாட்டுக்கு வராமல் இருக்க வழியில்லை. உதைத்துத்தான் சொல்ல முடியும்.

தலையீத்துக் கிடேரியை ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே கறவை நேரத்தில் மற்ற மாடுகளோடு கட்டுங்கள். முன்னால் கொஞ்சம் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து, மெஷின் சத்தத்தை மட்டும் கேட்கவிடுங்கள். பிறகு தினமும் மடியைத் தடவிப் பழக்குங்கள். கப் மாட்டுவதெல்லாம் கன்று போட்ட பிறகுதான்.