ஒதுங்க ஒரு மறைவு

எனக்கு இப்போது 43 வயது. பொதுக் கழிப்பறையில் பக்கத்தில் இன்னொருவர் நின்றால் என்னால் சிறுநீர் கழிக்க முடியாது. காரணம் அருவருப்போ அசுத்தமோ அல்ல. சிறுநீர்ப்பை நிரம்பி அடிவயிறு வலிக்கிற நிலையிலும், பின்னால் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்த கணத்தில் உடல் இறுகிவிடுகிறது. பள்ளி விடுதியில் 13 வயதில் தொடங்கிய இந்தச் சிரமத்தை, என் மனைவியையும் ஒரே ஒரு நண்பரையும் தவிர அண்மைக் காலம் வரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இன்று இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

31-ஆம் வயதில் ஒரு நள்ளிரவு இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. பாருரீசிஸ் என்ற அந்தச் சொல்லை 1954-இல் வில்லியம்ஸ், டெகன்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் பயன்படுத்தினார்கள். 1,419 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் விசாரித்ததில் 14.4 விழுக்காட்டினர், எப்போதாவதோ தொடர்ந்தோ, இந்தச் சிரமத்தை அனுபவித்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் இது சமூகப் பதற்றக் கோளாறின் கீழ் குறிப்பிடப்படுகிறது. இந்தச் சிரமம் உள்ளவர்களுக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கமே 1996 முதல் இயங்குகிறது. உலகத்தில் நான் ஒருவன் மட்டுமே இப்படிப் பிறந்துவிட்டேன் என்று 18 ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தவன், அந்த இரவு வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

"மனதைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், தானாக வந்துவிடும்" என்பதுதான் இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சொல்லும் அறிவுரை. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சிறுநீர் வெளியேற வேண்டுமானால், பையின் சுவரில் உள்ள தசை சுருங்குவதும், வாயிலைக் காக்கும் சுருக்குத்தசைகள் தளர்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அச்சம் வந்தவுடன் விழித்துக்கொள்ளும் பரிவு நரம்பு மண்டலம், ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் அவசரத்தில், இதற்கு நேர் எதிரானதைச் செய்கிறது: பை தளர்கிறது, வாயில் இறுகுகிறது. அந்த நேரத்தில் முக்குவதும், மனதுக்குள் கெஞ்சுவதும் இறுக்கத்தை அதிகமாக்குமே தவிரக் குறைக்காது. கையை உயர்த்துவது போல இது நம் விருப்பத்துக்கு உடனே கட்டுப்படும் செயல் அன்று.

இது சிலருடைய விசித்திரம் மட்டும் அன்று என்பதற்கு 1976-இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாக இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையில் 60 பேரைக் கவனித்த ஆய்வாளர்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது சிறுநீர் வரத் தொடங்கச் சராசரியாக 4.9 நொடிகள் ஆவதையும், ஒருவர் மிக அருகில் நிற்கும்போது அது 8.4 நொடிகளாக நீள்வதையும் கண்டார்கள். அந்த மனிதர்களுக்குத் தெரியாமலே மறைந்திருந்து அவர்களைக் கவனித்தது தவறு என்று அப்போதே கண்டனம் எழுந்தது; எனக்கும் அந்தக் கருத்துதான். ஆனாலும், பக்கத்தில் ஆள் நின்றால் எல்லா உடலும் கொஞ்சம் தயங்குகிறது என்பதை அந்த எண்கள் சொல்லிவிட்டன. பிறருக்கு மூன்றரை நொடிகளாக இருக்கும் தயக்கம் என்னைப் போன்றவர்களுக்கு மூன்றரை மணி நேரமாக நீள்கிறது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லாத பெரியவர்கள் இல்லை. சித்த மருத்துவமும், அடக்கக் கூடாத 14 வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், ஒன்றாகச் சிறுநீரை வைத்திருக்கிறது. அடக்குபவர் தாமே விரும்பி அடக்குகிறார் என்பதுதான் இந்த அறிவுரைகளுக்கு அடியில் இருக்கும் எண்ணம். விட விரும்பியும் விட முடியாமல் நிற்பவருக்கு அவற்றில் இடமில்லை.

இப்படிப்பட்டவர் தம் வாழ்க்கையை எப்படி நடத்துகிறார் என்றால், தண்ணீரைக் குறைத்து நடத்துகிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் போவதென்றால், அன்று நண்பகலுக்குப் பிறகு நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். விக்கிரவாண்டி தாண்டி ஏதாவது ஓர் உணவகத்தில் பேருந்து நிற்கும்போது, தடுப்பே இல்லாத நீண்ட சுவரை நோக்கித் தோளோடு தோள் உரச ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். நான் இருட்டில் வெகுதூரம் நடந்து போய், ஓட்டுநரின் ஹாரன் எப்போது கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, எதுவும் நடக்காமல் இருக்கைக்குத் திரும்புவேன். 29-ஆம் வயதில் சிறுநீரகத்தில் கல் வந்தது. "நீங்கள் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை?" என்று மருத்துவர் கேட்டதற்கு, "மறந்துவிடுகிறேன்" என்று பொய் சொன்னேன். தண்ணீர் குறைவது கல் உருவாகும் காரணங்களுள் ஒன்று என்று அவர் பொறுமையாக விளக்கியதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவற்றையெல்லாம்விட என்னை நொறுக்கியது ஒரு வேலைக்கான உடற்பரிசோதனை. கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, தாழ்ப்பாள் சரியில்லாத ஒரு கழிப்பறையைக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது கதவைத் தட்டினார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மறுபடியும் ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, "என்ன சார், இதுகூட வரலையா?" என்று அந்த ஊழியர் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அப்படி ஒரு சிரமம் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அமெரிக்காவில் போக்குவரத்துத் துறைப் பணியாளர்களுக்கான போதைப்பொருள் பரிசோதனை விதிகளில், மாதிரி தர முடியாதவருக்கு மூன்று மணி நேரம் வரை அவகாசம் தர வேண்டும் என்றும், அதன் பிறகும் முடியாவிட்டால் மருத்துவக் காரணம் உண்டா என்று ஆராய வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அவகாசமே போதாது என்பது என் அனுபவம். என்றாலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வெளியூர் போகும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் புறப்படுவது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெரும்பாலும் அவர்களுக்குப் போக இடமே இல்லை என்பது அதன் காரணம். அது என் சிரமத்தைவிடப் பெரிய அநீதி. ஆனால் உள்ளே போன பிறகும் சத்தம் வெளியே கேட்குமே என்று கூசி உறைந்துபோகிற பெண்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் அந்தக் கூச்சத்தை மறைக்கவே, தண்ணீர் ஓடும் ஓசையை எழுப்பும் ஒரு கருவியை டோட்டோ நிறுவனம் 1988-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்களைப் பொறுத்தவரையில், 'ஆம்பளைக்கு என்ன, எங்கே வேண்டுமானாலும் நின்று போகலாம்' என்பது தீர்ந்துபோன முடிவாக இருக்கிறது. நம் மொழியில் இதற்கு 'ஒதுங்குதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஒதுங்கிவிட்டு வருகிறேன்' என்று சொன்னவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, பிறர் கண்ணிலிருந்து விலகிச் செல்வது இதன் ஒரு பகுதி என்று தெரிந்திருந்தது. வரிசையாகப் பீங்கான்களைப் பதித்து, நடுவில் ஒரு பலகைகூட வைக்காமல் கட்டி முடிப்பவர்கள் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் தூய்மையையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். தாழ்ப்பாளையும் தடுப்பையும் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பது என் கோரிக்கை.

இது மாறக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்படியாகப் பழகுவதுதான் இதற்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை. என் நண்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத எங்கள் அலுவலகத்துக்கு எனக்காக வந்தார். நான் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போவேன். அவர் முதலில் தாழ்வாரத்தின் கோடியில் நிற்பார். சிறுநீர் வரத் தொடங்கியதும் மூன்று நொடியில் நானே நிறுத்திக்கொள்வேன், அவர் சில அடிகள் நெருங்கி வருவார், மீண்டும் தொடங்குவேன். எட்டு மாதங்களில் அவர் கழிப்பறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கும் அளவுக்கு முன்னேறினோம். தடுப்பில்லாத வரிசையில் இன்றும் என்னால் முடியாது. கதவுள்ள அறையில் இப்போது பெரும்பாலும் முடிகிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: வீட்டில் தனியாக இருக்கும்போதும் சிரமம் இருந்தால், அது வேறு நோயாக இருக்கலாம், சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியோடு முழுவதுமாக அடைத்துக்கொண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னை எழுத வைத்தவன் என் மகன். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, காலையில் நாங்கள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடினான். விளையாட்டு மும்முரம் என்று என் மனைவி நினைத்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்டபோது, "பெரிய அண்ணனுங்க பின்னாடியே நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு சொல்றாங்கப்பா, எனக்கு வரவே மாட்டேங்குது" என்றான். அன்று இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து, அவனிடம் என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கும் வராதாப்பா?" என்று இரண்டு முறை கேட்டான்.

மறுநாள் தலைமையாசிரியரைச் சந்தித்தேன். சிறுநீர்த் தொட்டிகளுக்கு நடுவே கடப்பைக் கல்லில் தடுப்பு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். செலவில் என் பங்கைத் தருவதாகவும் சொன்னேன். நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை இடைவேளையில் அல்லாமல் பாடவேளையில் அவன் தனியாகப் போய்வரலாம் என்று அப்போதே அனுமதி கொடுத்தார். தடுப்பு இன்னும் வரவில்லை. நேற்று மாலை பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் மிச்சமிருந்தது.