238-ல் நின்றுபோன எண்ணிக்கை

நேற்று ராத்திரி மறுபடியும் அதே சண்டை. கூடப் படித்த நண்பன், நிறையப் படிக்கிறவன் வேறு, வெயிலைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் "பூமி சூடாகுதுங்கறதெல்லாம் பில்டப்புடா, மைக்கேல் கிரைட்டன் அப்பவே அடிக்குறிப்போட புட்டுப் புட்டு வெச்சுட்டார்" என்று ஆரம்பித்துவிட்டான். அடிக்குறிப்போடவாம்! அவன் சொல்வது, 'ஜுராசிக் பார்க்' எழுதிய அமெரிக்க எழுத்தாளர் கிரைட்டனின் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' புத்தகத்தை. நாவல்டா அது, நாவல்!

கோபம் இவன்மேல்கூட இல்லை, கிரைட்டன்மேல்தான். மட்டமான எழுத்தாளராக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஹார்வர்டில் மருத்துவம் படித்த மனுஷன். 1969-ல் 'ஆந்த்ரோமெடா ஸ்ட்ரெய்ன்' எழுதியபோதே கம்ப்யூட்டர் பிரின்ட்அவுட், ரகசிய அறிக்கை என்று செருகி, ஏதோ அரசாங்க ஃபைலைத் திருடிப் படிக்கிற மாதிரி நம்ப வைத்தவர். கதைதான் என்று தெரிந்தே ஏமாந்தோம், சந்தோஷமாக.

அப்புறம் 1990-ல் 'ஜுராசிக் பார்க்'. அதில் ஒரு இடம் எனக்கு மனப்பாடம். பூங்காவில் எத்தனை டைனோசர் என்று கம்ப்யூட்டர் எண்ணுகிறது. 238. கணக்கு சரி, எல்லோருக்கும் நிம்மதி. கணித ஆசாமி மால்கம் மட்டும், 239-ஐத் தேடச் சொல்லுங்கள் என்கிறார். 239 கிடைக்கிறது! 300 என்று போட்டால் 292-ல் வந்து நிற்கிறது. எதிர்பார்த்த எண் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும்படிதான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு செத்துக் குறைந்தால் தெரிய வேண்டும் என்ற கவலைதான், பெருகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் தேடுகிறவன் எப்படி மோசம்போவான் என்று இதைவிட அழகாக யார் எழுதிவிட முடியும்?

அதே ஆள் 2004-ல் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' எழுதுகிறார். அதில் ஒரு பாத்திரம், பூமி எவ்வளவு சூடாகும் என்று பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1988-ல் சொன்ன கணிப்பு 300 சதவீதம் தப்பு என்று அடித்துவிடுகிறது. ஹான்சன் போட்டுக் காட்டியது, வெப்பநிலை இப்படியெல்லாம் ஏறலாம் என்று மூன்று கோடுகள். நடுவில் இருந்ததுதான் நடக்க வாய்ப்புள்ளது என்று அவரே சொன்னார், வெப்பநிலையும் ஏறக்குறைய அந்தப் பக்கமாகத்தான் போனது. உச்சியில் இருந்த கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு 'தப்பு' என்றால்? வேண்டிய எண் கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்தியாச்சு, அவ்வளவுதான். அன்டார்டிகா ஆய்வு செய்த பீட்டர் டோரன், என் கட்டுரையை இப்படித் திரிக்கிறீர்களே என்று 2006-ல் பத்திரிகையில் எழுதியே புலம்பினார்.

நாவலாகவாவது தேறுமா என்றால் அதுவும் இல்லை. பக்கம் பக்கமாக லெக்சர். கதையில் எதிர்த்துப் பேசுகிற நடிகரை சாலமன் தீவுகளில் நரமாமிசம் தின்கிறவர்கள் தின்றே விடுகிறார்கள். விவாதத்தை இப்படியா ஜெயிப்பது சாமி!

இதை எழுதிய கையோடு 2005 செப்டம்பரில் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் சாட்சியாக வேறு உட்கார்ந்தார். கூப்பிட்டவர் அந்தக் கமிட்டியின் தலைவர் ஜேம்ஸ் இன்ஹோஃப், புவி வெப்பமாதலே பெரிய பித்தலாட்டம் என்று ஏற்கனவே பேசியவர். வேறு யாரைக் கூப்பிடுவார்?

இதற்காக அவர் புத்தகம் எதையுமே தொடாதே என்கிற கோஷ்டியும் ஒன்று இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஆகாது. நேற்றுகூட என் 'ஜுராசிக் பார்க்' பிரதியை நண்பன் கையில் திணித்து, அந்த எண்ணுகிற இடத்தை முதலில் படிடா என்றேன்.

"எதுக்குடா, அதான் படம் பாத்துட்டேனே" என்கிறான்.

படத்தில் அந்தக் காட்சியே கிடையாதுடா!