போர் ஓட்டு மட்டும்தான் காரணமா?
1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து வாக்களித்ததால்தான், அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான ஜெனெட் ரேங்கினின் பதவி போனது என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிக் கதை. அன்று கீழவையில் அவரையும் சேர்த்து 50 பேர் எதிர்த்தார்கள். 1916-இல் அவர் ஜெயித்தபோது அவருடைய மொன்டானா மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, இரண்டு இடங்கள். 1914-இல் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க ஊர் ஊராக அலைந்தவர் என்பதால் எல்லா மூலையிலும் அவரைத் தெரியும். அப்புறம் மாநிலத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள். அவர் பங்குக்கு வந்தது ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த மேற்குப் பகுதி. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அவர் அங்கே நின்று என்ன செய்வது? அதனால் 1918-இல் மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டார், தோற்றார். போர் ஓட்டும் உதவவில்லைதான், ஆனால் தொகுதிப் பிரிப்பை விட்டுவிடலாமா? கீழே கருத்து எழுதிய ஒருவர் 'அதோடு காணாமல் போனார்' என்கிறார். சரி, 1940-இல் மீண்டும் ஜெயித்து, அடுத்த ஆண்டு ஜப்பான் மீதான போர்த் தீர்மானத்தை 388 பேர் ஆதரித்தபோது ஒற்றை ஆளாக எதிர்த்தது யாராம்?