புதுப் பெட்டிக்குள் பழைய அச்சு

மறுவெளியீடு என்று சொல்லி விற்பவர்களுக்கு, எதை மறுபடியும் வெளியிடுகிறோம் என்று வாங்குபவனுக்குச் சொல்லும் கடமை கிடையாதா? 1980இல் வந்த ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தில், பனிவெளியில் நான்கு கால்களால் நடந்து வருமே ஒரு இராட்சத யுத்தத் தாங்கி, பாகங்களை நாமே ஒட்டி வர்ணமடித்து உருவாக்கும் அதன் பிளாஸ்டிக் மாதிரியுரு எண்பதுகளிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய அச்சிலேயே மீண்டும் வார்த்து, கண்ணைப் பறிக்கும் புதிய ஓவியத்தோடு பெட்டியில் அடைத்து, இன்றைய விலைக்கு விற்கிறார்கள். டொலர் ஏறிய ஏற்றத்தையும் சுங்க வரியையும் சுமந்துகொண்டு, மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை வரவழைத்த எனக்குக் கிடைத்தது ஓவியம் மாத்திரமே.

உள்ளே இருந்த பாகங்களின் விளிம்பெல்லாம் பிசிறு. உருக்கு அச்சின் இரண்டு பாதிகளும் காலப்போக்கில் தேய்ந்து, இறுக மூடாமல் போகும்போது, உருகிய பிளாஸ்டிக் அந்த இடைவெளியில் கசிந்து உறைவதால் வருவது இது. தடித்த இடங்கள் மெதுவாகக் குளிர்ந்து சுருங்குவதால் உண்டாகும் பள்ளங்களோ, சரியாகப் பார்வை படும் பக்கத்தில் இருக்கின்றன. தேய்ந்த அச்சைச் செப்பனிட முடியாதா என்றால், முடியும். உருக்கை நிரப்பி ஒட்டவும் மீண்டும் வெட்டி மெருகிடவும் தெரிந்த தொழிலாளர்கள் உலகில் இருக்கிறார்கள். ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, அச்சுக்குக் கொடுக்க இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, குறைகளை நானே நிரப்பித் தேய்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு வேண்டிய பொருள்கள் எங்கே? இந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் வெறும் பசையன்று. அது இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகும் கரைப்பான். தீப்பற்றக்கூடியது என்பதால் அதையும், இதற்கென்றே வரும் லாக்கர் வர்ணங்களையும் விமானத் தபாலில் அனுப்ப மறுக்கிறார்கள். விதி நியாயமானது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் “இந்த இடத்தில் மாதிரிப் பசை இடவும்” என்று செய்முறைத் தாளில் சர்வசாதாரணமாக எழுதியவர், பொழுதுபோக்குக் கடை மூலைக்கு மூலை இருக்கும் நகரத்தில் இருந்துகொண்டே எழுதியிருக்கிறார். இங்கே ஹாட்வெயார் கடையில் கேட்டால், “தம்பி, குழாய்க்கா?” என்று பிவிசி கம்மைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். சுப்பர் குளூ தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெண்மையாகப் படர்கிறது, இணைப்பும் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடுகிறது. பள்ளத்தை அடைக்க, கராஜில் வாகனங்களுக்குப் பூசும் பட்டியைக் கொஞ்சம் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது.

வர்ணத்தின் கதை வேறு. ஸ்ப்ரே டின் ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அடிக்கும் மழைக்காலத்தில் அதைப் பயன்படுத்த இயலாது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, சாம்பல் நிறம் சுண்ணாம்படித்த சுவர்போல் வெளிறிவிடுகிறது. மழை விட்ட பிறகு வரும் வெயிலிலோ, துளிகள் பாகத்தைத் தொடுமுன்பே பாதி காய்ந்து மணல்மணலாக ஒட்டிக்கொள்கின்றன. பனிவெளித் தாங்கிக்கு வர்ணமடிக்க உகந்த நாளொன்றை வாவிக்கும் கடலுக்கும் நடுவில் தேடும் இந்தக் கல்லடி ஊர் வாழ்க்கையை யாரிடம் சொல்லி அழுவது?

இவையெல்லாம் போகட்டும், கால்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் படத்தில் இதை அசைத்த பில் டிப்பெட்டும் ஜோன் பெர்க்கும், மாதிரியைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படமெடுத்தவர்கள். நடை நம்பும்படி இருக்க வேண்டும் என்பதற்காக உண்மையான யானையின் நடையை ஆராய்ந்தவர்கள். அம்பாறைப் பக்கத்து வயல்வெளியில் யானை கடந்து போவதைப் பார்த்த எவருக்கும், அந்தப் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எப்படி மாறுகிறது என்று தெரியும். பெட்டியின் ஓவியத்தில் அந்த நடை அப்படியே இருக்கிறது. எனக்கு வந்த கால்களோ ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, ஒன்றோடொன்று பொருந்தாத விளிம்புகளோடு வந்தன. மயிரிழை வித்தியாசங்கள் எல்லாம் சேர்ந்து, கடைசியில் தாங்கி மூன்று கால்களில் நிற்கிறது, நான்காவது பாதம் மேசையைத் தொடாமல் தொங்குகிறது.

பழைய அச்சை விற்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. பழையதென்று தெரிந்தே, அந்தப் பிசிறுக்காகவே ஆசைப்பட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அச்சு வெட்டிய ஆண்டைப் பெட்டியின் முகப்பில், எல்லோரும் வாசிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது அந்த ஆண்டு, ஒட்டி முடித்த பிறகு எவர் கண்ணிலும் படாத வயிற்றுப் பாகத்தின் உட்புறத்தில் மாத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது.