அம்மா நடந்து போகட்டும்

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று தெரிந்ததும் வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெளியே விடாதீங்க, கேட்டைப் பூட்டியே வைங்க." சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அபார்ட்மென்ட் செயலாளர் சொல்கிறார், மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர்கூட ஒருமுறை சொன்னார். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வீடுகள் என் நட்புப் பட்டியலிலேயே நிறைய உண்டு.

அம்மாவுக்கு அல்சைமர், டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து மயிலாப்பூர்தான். சாயங்காலமானால் கபாலீசுவரர் கோயில், வரும் வழியில் கீரை, ஒரு முழம் பூ, தெற்கு மாட வீதியில் தெரிந்தவர்களிடம் நாலு வார்த்தை, பிறகு வீடு. அவருடைய நாள் என்பது இவ்வளவுதான். இதையும் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது நாற்காலியும் டிவியும். நடக்காத நாட்களில் ராத்திரி தூக்கம் கிடையாது, அவருக்கும் எங்களுக்கும்.

மறதி நோய் என்றால் பெயர் மறந்துபோவது, மூக்குக்கண்ணாடியைத் தேடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு முதலில் போனது வழி. பேரப்பிள்ளைகள் பெயர், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் சரியாக இருந்த காலத்திலேயே, வருடக்கணக்காகத் திரும்பிய முனையில் நின்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இதற்கு மூளையிலேயே காரணம் இருக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் சுறுசுறுப்பாகும் செல்கள் அதன் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எழுதினார். அதற்குப் பக்கத்திலேயே உள்ள என்டோரைனல் கார்டெக்ஸில், போகும் இடத்தையெல்லாம் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அல்சைமர் ஆரம்பத்திலேயே கை வைப்பது இந்த இரண்டு இடங்களிலும்தான். அப்படிப்பட்டவரிடம் போய் "கொஞ்சம் பார்த்துப் போகக்கூடாதா?" என்று கேட்டு என்ன பயன்?

உள்ளே இருக்கும் வரைபடம் அழியும்போது, வெளியே கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் நடக்கிறார்கள். நாம் வழி சொல்வதே அப்படித்தானே? மருந்துக்கடை தாண்டி, வேப்பமரத்துக்கு எதிர்ச்சந்து. அந்த மருந்துக்கடை செல்போன் கடையாகிவிட்டது, வேப்பமரம் இல்லை. லஸ் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரத் தடுப்புகள், மாற்றுப்பாதை, இடம் மாறிய பஸ் ஸ்டாப். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேற்று வரை நேராகப் போன வழி இன்று காலையில் தடுப்புக்குள் போய்விட்டால், அம்மாவுக்கு அது வேறு ஊர். கிழக்குக் கோபுரம் தெரிகிற வரை பரவாயில்லை, அதை வைத்துத் திசை பிடித்துக்கொள்கிறார். அடுக்குமாடிக்குப் பின்னால் கோபுரம் மறைந்ததும் கால் நின்றுவிடுகிறது.

இன்னொன்று. இந்த நோயில் புதிதாகப் பதிந்தவை முதலில் போகின்றன, பழையவை தங்குகின்றன. அம்மாவின் பிறந்த ஊர் திண்டிவனம் பக்கம். ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் அவர் மனசு பாரிமுனை எக்ஸ்பிரஸ் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறது. 2002இல் அது கோயம்பேட்டுக்குப் போனதும், 2023 கடைசியில் தென்மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் திறந்ததும் அவர் கணக்கில் இல்லை. ஆட்டோவில் ஏறி "பாரிஸ் போப்பா" என்று, பாரிமுனையைத்தான், தெளிவாக, கம்பீரமாகச் சொல்வார். ஓட்டுநருக்கு எந்தச் சந்தேகமும் வராது. வீட்டு விலாசம் கேட்டால் பழைய எண்ணைச் சொல்வார். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள் இருப்பது நம்மையே சுற்ற விடுகிறது, அவரை விடுமா?

கண் பார்வையில் கோளாறு இல்லை, ஆனால் கண் பார்ப்பதை மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் வாசலில் கறுப்பு மிதியடி ஒன்று இருந்தது. அம்மா அதன் விளிம்பில் வந்து நிற்பார். நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டி, கட்டை விரலால் தொட்டுப் பார்த்து, பின்னால் இழுத்துக்கொள்வார். அவருக்கு அது பள்ளம். தரை நிறத்திலேயே ஒரு மிதியடி வாங்கிப் போட்டோம், தயக்கம் போய்விட்டது. கடைகளில் பளபளவென்று பாலிஷ் போட்ட தரை அவருக்கு ஈரத் தரை. மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் முன்னால் நின்றால் எந்தப் படியில் கால் வைப்பது என்று முடிவு செய்ய முடியாது, அதற்குள் பின்னால் வருகிறவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பதற்றம் வந்தால் இருக்கிற கொஞ்ச நிதானமும் போய்விடும். லிஃப்ட் பரவாயில்லை, உள்ளே கண்ணாடி இல்லாமல் இருந்தால். கண்ணாடி இருந்தால் அதில் தெரியும் தன் உருவத்தையே வேறு யாரோ என்று நினைத்து, "அவங்க போகட்டும், நாம அப்புறம் போகலாம்" என்பார்.

பஸ்ஸில் போவது அவருக்கு இன்னும் பிடிக்கும். சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் வந்தது எங்களுக்குப் பெரிய உதவி. சில்லறை எண்ண வேண்டியதில்லை, எண்ணத் தெரியாமல் கூச வேண்டியதில்லை. ஒருநாள் ஒரு கண்டக்டர், இறங்கும் இடத்தை அம்மா மாற்றி மாற்றிச் சொல்வதைக் கவனித்துவிட்டு, அதட்டாமல், "ஏம்மா, கோயில் பக்கமா, கடற்கரை பக்கமா?" என்று கேட்டார். அம்மா உடனே "கோயில்" என்றார். அந்தக் கண்டக்டருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்தால் எல்லாக் கண்டக்டர்களும் இப்படிக் கேட்பார்கள். ஒரு மணி நேர வகுப்பு போதும், போக்குவரத்துக் கழகம் நினைத்தால் செய்யலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பார். இதுதான் வீடு என்று வாதாடினால் அழுகைதான் மிச்சம். "சரி வாங்க, போகலாம்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனை வரை கூட நடந்துவிட்டுத் திரும்பினால், வாசலைப் பார்த்ததும் அவரே "வந்தாச்சு" என்கிறார். எல்லா நாளும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பல நாள் பலிக்கிறது.

தனியாகப் போய்விட்டால்? அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, பூட்டச் சொல்கிறவர்களைவிட அதிகமாகவே. ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கினோம். பழக்கமில்லாத பொருள் என்பதால் கழற்றி எங்காவது வைத்துவிடுகிறார். கழுத்துச் சங்கிலி எப்போதும் இருப்பது, அதில் ஒரு சின்ன டாலரில் என் எண்ணைப் பொறித்துப் போட்டிருக்கிறோம். கோயில் பையின் உள்பக்கம் எண்ணைத் தைத்திருக்கிறோம். தினமும் காலையில் புடவை கட்டியதும் ஒரு போட்டோ எடுத்துவைக்கிறேன். காணவில்லை என்று சொல்லும்போது "என்ன கலர் புடவை?" என்பதுதான் முதல் கேள்வி, அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் காப்பது தெருதான். பூக்கார அக்கா, இஸ்திரி போடுகிற அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், எதிர் வீட்டு வாட்ச்மேன், எல்லோரிடமும் நோயின் பெயரைச் சொல்லி, என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வழக்கமான முனையைத் தாண்டினால் எனக்குப் போன் வந்துவிடும். அக்கா "பெரியம்மா, பூ எடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார். இதில்தான் நம் வீடுகளிடம் எனக்குக் கோபம். "வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்று மூடி வைக்கிறோம். சர்க்கரை நோயைச் சொல்கிறோம், பைபாஸ் ஆபரேஷனைச் சொல்கிறோம், இதை மட்டும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரியாவிட்டால் தெரு எப்படிப் பார்த்துக்கொள்ளும்?

ஜப்பானில் ஆய்ச்சி மாகாணத்து ஓபு நகரில் 2007 டிசம்பரில் நடந்ததை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டிமென்ஷியா இருந்த 91 வயது முதியவர், 85 வயது மனைவி கண் அசந்த நேரத்தில் வெளியே போய், ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். ரயில் தாமதமானதற்காக ரயில்வே நிறுவனம் அந்தக் குடும்பத்திடமே சுமார் 72 லட்சம் யென் நஷ்டஈடு கேட்டது. முதல் தீர்ப்பு குடும்பத்துக்கு எதிராகவே வந்தது. கடைசியில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குடும்பம் கட்ட வேண்டியதில்லை என்றது. ஒரு மனிதரை இருபத்து நான்கு மணி நேரமும் கண் கொட்டாமல் பார்க்க எந்த வீட்டாலும் முடியாது. அதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொள்ள எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இங்கே நிலைமை என்ன? இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்று முதியோர் ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் பெயரோடு இருக்கிறது, டிமென்ஷியா பெயரோடு இல்லை. சான்றிதழ் கேட்டுப் போனால் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதிலேயே பேச்சு நிற்கிறது.

தெருவில் ஒரு வயதானவர் திகைத்து நிற்பதைப் பார்த்தால் பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து, முகம் தெரிய நின்று, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். உட்கார ஒரு இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டு, பை, சங்கிலி, வளையலில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவசர உதவி எண் 112. முதியோர் உதவி எண் 14567.

நான் மாநகராட்சியிடம் கேட்கப்போவது சின்ன விஷயங்கள். தடுப்பு வைக்கும் இடத்தில் நடப்பவர்களுக்கு வழிகாட்டும் பெரிய அம்புக்குறியும் தமிழ் எழுத்தும், தெருப் பெயர்ப்பலகைமேல் போஸ்டர் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, கோயிலுக்கும் லஸ் முனைக்கும் நடுவே உட்கார இரண்டு பெஞ்சு, திறந்திருக்கும் ஒரு கழிப்பறை. வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.