அவர் போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் ஊர்ப் பக்கம், புற்றுநோய் வைத்தியத்தில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் நடத்திய செல்போன் வகுப்பில், வாசலில் இருந்து வந்த ஒரு கேள்வியால் ஒரு அக்கா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். (வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த அக்கா முகம் தெளிவாகத் தெரிகிறது.) ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்றபடியே கேட்டாரே, "சாகப் போற காலத்துல செல்லு எதுக்குத்தா? மகன் பாத்துக்க மாட்டானா?" என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு. மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை.

அய்யா, மகன் எங்கே இருக்கிறான்? ஒரு வீட்டில் கடலுக்குப் போயிருக்கிறான். அடுத்த வீட்டில் சவூதியில் இருக்கிறான். மதுரை ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக் கவுண்டரிலோ, ஆபா எண் (மருத்துவப் பதிவுக்கான அடையாள எண்) போடும் இடத்திலோ ஓடிபி கேட்பார்கள். அது ஆதாரில் சேர்த்த நம்பருக்குத்தான் போகும், சேர்த்திருப்பதோ மகன் நம்பர். அந்தப் போன் பாலித்தீன் கவருக்குள் படகில் கிடக்கும். சில நிமிடத்தில் ஓடிபி செல்லாமல் போய்விடும். ராமேஸ்வரத்திலிருந்து நூற்றெழுபது கிலோமீட்டர் வந்த அம்மா மறுநாள் திரும்ப வர வேண்டும், கீமோ போட்ட உடம்போடு. முதலமைச்சர் காப்பீட்டில் வருடம் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. அவ்வளவு பெரிய உதவி ஆறு இலக்க எண்ணில் நிற்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நம்பர் அவர் பேரில், போன் அவர் கையில்.

ஆதாரில் நம்பர் சேர்ப்பதை வைத்தியம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. மார்பு, குடல் புற்றுநோய்க்குத் தருகிற கேப்சிடபைன் மாத்திரையில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். சிலருக்கு விரல் ரேகையே மங்கிவிடும். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்களுக்குப் பாறையும் சிப்பியும் கிழித்து ஏற்கெனவே ரேகை பாதி போயிருக்கும். ஆதார் மையத்தில் ரேகை கேட்கும்போது படியாது. போனுக்கு ரேகைப் பூட்டு மட்டும் வைத்திருந்தால் அதுவும் திறக்காது, ரகசிய எண்ணும் (PIN) சேர்த்து வையுங்கள்.

அதே மாத்திரையில் இன்னொரு ஆபத்து. வழக்கமாக 14 நாள் காலையும் இரவும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். பிறகு 7 நாள் நிறுத்த வேண்டும். மகன் ஊருக்கு வந்தபோது அலாரம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். அலாரத்துக்கு நிறுத்துகிற நாள் தெரியாது, பதினைந்தாம் நாளும் அடிக்கும். அம்மா போட்டுக்கொள்வார். வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலை வரும். ஆகவே பதினாலாம் நாள் இரவுக்கு "இன்றோடு நிறுத்து" என்று தனியாக ஒரு குறிப்பு வைக்க வேண்டும், அலாரத்தை அணைக்க அவருக்கே தெரிய வேண்டும். உங்கள் டாக்டர் சொன்ன நாள் கணக்கு வேறாக இருந்தால் அதன்படி வையுங்கள்.

"படிக்காதவங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். கருவாட்டுக் கடையில் ஜிபே சத்தம் கேட்டுச் சில்லறைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இவர்கள். வரும்.

"போனைக் கொடுத்தா முள்சீத்தா கஷாயம், சோடா உப்புத் தண்ணி வீடியோதான் பார்ப்பாங்க" என்பது நியாயமான பயம், நான் மறுக்கவில்லை. கீமோவை நிறுத்திவிட்டுக் கஷாயத்தில் இறங்கியவர்கள் நம் கரையிலும் உண்டு. ஆனால் அந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்புவது யார்? சொந்தக்காரர்கள்தானே? அதனால்தான் வகுப்பில் முதல் பாடமாக இதை வைத்தோம்: வந்ததை அப்படியே வார்டு நர்ஸிடம் காட்டிக் கேள், பணம் கேட்டால் எடுத்த எடுப்பில் மறு. உதவிப் பணம் அனுப்புகிறோம், இந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (PIN) போடு என்றால் அது திருட்டு. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. இதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்கிறீர்களா?

டவர் பிரச்சினை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். சதை டெஸ்ட் (பயாப்சி) ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த ரிப்போர்ட் எல்லாம் மஞ்சப்பையில் மழையிலும் உப்புக்காற்றிலும் நைந்து போகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் விரித்து, பிளாஷ் போடாமல், நான்கு மூலையும் பேரும் தேதியும் தெரியப் படமெடுங்கள். வாட்சப்பில் உங்கள் நம்பருக்கே அனுப்பி வைக்கலாம். டாக்டருக்கு அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஸ்கேன் பிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, சிடி கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள போல்டர் முழுவதையும் பென்டிரைவில் ஏற்ற வேண்டும், ஒரு படத்தை மட்டும் எடுத்தால் முழு ஸ்கேனும் வராது.

கீமோவுக்கு முந்தின நாள் ராமநாதபுரத்திலேயே ரத்தம் பார்த்து அந்த ரிப்போர்ட்டை வார்டுக்கு அனுப்ப முடியுமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கிற வெள்ளை அணு) 1,500-க்குக் கீழே, தட்டணு (ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட்) ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கீமோவைத் தள்ளிப்போடுவார்கள். அதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டால் ஒரு பயணமும் இரண்டு பேர் கூலியும் மிச்சம். வார்டு நம்பரைப் போனின் முதல் திரையில் வையுங்கள். கீமோ போட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, பாராசிட்டமால் போட்டு அமுக்கவும் கூடாது. அந்த நேரம் மகனைத் தேடினால் இரவு போய்விடும்.

ரயிலையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் மகன்தான் வருகிறான். பாசத்தில் அங்கிருந்தே ரயிலுக்கு ஆன்லைன் டிக்கெட் போட்டு முழுப் பணம் கட்டுகிறான். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு ஸ்டேஷன் கவுண்டரில் எடுத்தால்தான் அது கிடைக்கும். போனில் செய்யக் கூடாத வேலை எது என்பதையும் வகுப்பில் சொல்கிறோம்.

சாகப் போற காலம் என்கிறீர்கள். அன்றைக்கு வந்திருந்தவர்களில் கரண்ட் (கதிர்வீச்சு வைத்தியம்) வைத்து முடித்து, மறுபடி கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவரும் இருந்தார். அவர் காதிலும்தான் அது விழுந்தது.

வீடியோவில் இருக்கிற அந்த அக்கா அப்போது காலை அலாரத்தை வைத்து முடித்திருந்தார். எழுத வராது என்றார். மைக்கை அமுக்கிப் பேசுங்கள் என்றதும், "சோறு தின்னாச்சா, மாத்திரையப் போடு" என்று சொன்னார். அது எழுத்தாகத் திரையில் வந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சிரித்தார். அப்போதுதான் வாசலில் இருந்து அந்தக் கேள்வி வந்தது. போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவருக்கு வருகிற வெள்ளிக்கிழமை பதினாலாம் நாள். இரவு அலாரமும், நிறுத்துகிற நாளின் குறிப்பும் இன்னும் வைக்கவில்லை. நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போகிறோம்.