ஈர்க்குச்சிக் கட்டும் கணக்குதான்

அண்ணாச்சி, 2022-ல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தர தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகுதான் வகுப்பில் குச்சி, கொட்டை விளையாட்டு நுழைந்தது, கணக்கு போயே போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பிள்ளைகள் தாங்களே கையால் செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லேயே தொடங்கியது. 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பே நம் பக்கம் திண்ணையில் புளியங்கொட்டை வைத்து எண்ணப் பழகியவர்கள்தானே நாம்!

களக்காடு பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 32-இல் 17 போக எவ்வளவு? பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட மூன்று ஈர்க்குச்சிக் கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாமல் ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் தானாகவே ஒரு கட்டைப் பிரித்தாள். கையில் பன்னிரண்டு. ஏழை எடுத்து வைத்தாள், மிச்சம் ஐந்து. கட்டு இரண்டில் ஒன்றை எடுத்ததும் பதினைந்து என்றாள். கடன் வாங்குவது என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான். அவள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

குச்சியோடு நிறுத்தினால் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதே கணக்கை அன்றைக்கே நோட்டில் எழுத வைக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலும் அதற்குத்தான் இருக்கிறது. உங்கள் பேரனிடம் அதை வாங்கி ஒருதடவை புரட்டிப் பாருங்கள், அண்ணாச்சி.